அம்மாவுக்கு ஏற்றிய ஸ்டார்ச்சும் அன்றிரவு நிற்காத ரத்தமும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61, எடை 52 கிலோ. சென்ற ஆண்டு இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். அன்றிரவு நெஞ்சுக் குழாயில் ரத்தம் நிற்காமல் வந்ததால் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்தார்கள். ஐந்து யூனிட் ரத்தமும், பிளாஸ்மாவும், தட்டணுக்களும் ஏற்றிய பிறகுதான் பிழைத்தார். இப்போது நன்றாக இருக்கிறார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மாமா பில்லைப் பார்த்துவிட்டு, "மூணு பை ஸ்டார்ச் போட்டிருக்காங்க, அதான் ரத்தம் உறையல" என்கிறார். அடுத்த மாதம் அப்பாவுக்கு (66 வயது, மூன்று அடைப்பு) வேறு மருத்துவமனையில் பைபாஸ். ஸ்டார்ச் வேண்டாம் என்று நாங்கள் சொல்லலாமா? சொந்தச் செலவில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத் திரவத்தை வாங்கிக் கொடுத்தால் நல்லதா? அல்லது ரத்தமும் பிளாஸ்மாவும் மட்டும் போடச் சொல்லலாமா? அப்பா இரண்டு மாதம் முன்பு மாரடைப்பு வந்ததிலிருந்து ஆஸ்பிரினும் இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறார். அம்மா ரத்தம் கட்டாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். மறுபடி ரத்தம் கசியுமோ என்ற பயத்தில் சில நாள் விட்டுவிடுகிறார்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்: அசிட்ரோமை ஒரு நாள்கூட விடக் கூடாது. உலோக வால்வின் மேல் ரத்தம் கட்டினால் வால்வு அசையாமல் நின்றுவிடலாம், அல்லது கட்டி உடைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அறுவை நாளில் ஏற்றிய எந்தத் திரவமும் ஓராண்டு கழித்து ரத்தம் உறைவதைக் கெடுத்துக்கொண்டிருக்காது. ஸ்டார்ச் என்பது ரத்தக்குழாயை நிரப்பிவைக்க ஏற்றும் மாவுச்சத்துத் திரவம். அதன் மிச்சம் தோலில் தங்கிச் சிலருக்கு மாதக்கணக்கில் அரிப்பைக் கொடுப்பதுண்டு. உறைதலின் மீதான அதன் பிடி சில நாட்களில் விட்டுவிடும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்து, மருத்துவர் சொன்ன அளவுக்குள் வைத்திருந்தால் அவர் பயப்படத் தேவையில்லை.

இப்போது மாமா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் பில்லை மட்டும் வைத்து, அந்த இரவுக்கு அந்தப் பைகள்தான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதய அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்துவருகிறேன். ரத்தம் நிற்காத இரவுகளில் காரணம் பெரும்பாலும் ஒன்றாக இருந்ததில்லை. மூன்று நான்கு சேர்ந்தே வரும்.

வால்வு மாற்ற இதயத்தை நிறுத்தியாக வேண்டும். அந்த நேரம் முழுக்க ரத்தம் உடலை விட்டு வெளியே வந்து, குழாய்கள் வழியாக இதய-நுரையீரல் இயந்திரத்துக்குள் போய், ஆக்சிஜன் ஏறித் திரும்புகிறது. அந்தக் குழாய்களைக் காற்றோடு உடலில் இணைக்க முடியாது. முன்கூட்டியே திரவம் நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துத்தான் இணைப்போம். இதற்குப் பிரைமிங் என்று பெயர். பெரியவர்களுக்கு அந்தத் திரவம் ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர். பம்ப் ஓடத் தொடங்கியதும் அது அத்தனையும் நோயாளியின் ரத்தத்தோடு கலந்துவிடும். 1950-களில் இயந்திரம் வந்த புதிதில் பிறருடைய ரத்தத்தையே நிரப்பினார்கள். ஓர் அறுவைக்குப் பல யூனிட் தேவைப்பட்டது. பிறகுதான் ரத்தம் இல்லாத திரவத்தை நிரப்பினாலும் உடல் தாங்கும் என்று கண்டுகொண்டார்கள். இன்றைய இதய அறுவை இவ்வளவு பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

உங்கள் அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 52 கிலோ பெண்ணின் உடலில் சுமார் 3.4 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் சிவப்பணுக்கள் 33 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நீர்ப்பகுதியான பிளாஸ்மா 2.3 லிட்டர். அதில் 1.3 லிட்டர் வெளித் திரவம் சேர்ந்தால் 3.6 லிட்டர் ஆகிவிடும். ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் எல்லாம் இந்த நீர்ப்பகுதியில்தான் மிதக்கின்றன. ஆக அவை ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டு பங்கு அடர்த்திக்கு இறங்கிவிடுகின்றன. திடீரென்று விருந்தாளி வந்தால் ரசத்தை விளாவுவோமே, அதேதான். பாத்திரம் நிறையும், புளியும் உப்பும் கூடாது. ஃபைப்ரினோஜன் என்ற புரதம்தான் உறைந்த ரத்தத்துக்கு வலை பின்னித் தருவது. அம்மாவுக்கு அது 100 மில்லி பிளாஸ்மாவில் 300 மில்லிகிராம் இருந்திருந்தால், பெரிதாக ரத்தம் சிந்தாமலேயே, பம்ப் ஓடத் தொடங்கியதும் அது 190-க்கு இறங்கியிருக்கும். விளாவும்போது ஆபத்தான அளவுக்கு முதலில் இறங்குவது இந்த ஃபைப்ரினோஜன்தான். எடை குறைந்த பெண்களுக்கு, அதுவும் சோகை இருப்பவர்களுக்கு, இதய அறுவையில் ரத்தம் அதிகம் ஏற்ற வேண்டிவருவதற்கு இந்த எளிய கணக்கு ஒரு காரணம்.

இதோடு முடிவதில்லை. குழாய்க்குள் ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரினைக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் வரை கொடுக்கிறோம். பம்ப் நின்றதும் புரோட்டமின் கொடுத்து அதை முறிக்கிறோம். (ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்தும், புரோட்டமின் சால்மன் மீனிலிருந்தும், பின்னால் சொல்லப்போகும் ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்தும் வருபவை. மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார்.) உடலைக் குளிரவைத்தால் உறைதல் மந்தமாகும். பிளாஸ்டிக் குழாயில் மணிக்கணக்கில் உரசித் தட்டணுக்கள் களைத்துப்போகும். சாதாரண ரிங்கர் லாக்டேட் உப்புநீரை மட்டும் ஏற்றியிருந்தாலும் இத்தனையும் நடந்திருக்கும்.

பிறகு ஸ்டார்ச் எதற்கு? ரிங்கர் போன்ற உப்புநீர் ரத்தக்குழாய்க்குள் நிற்காது. ஒரு மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி திசுக்களுக்குள் கசிந்துவிடும். அறுவை முடிந்த மறுநாள் ஐ.சி.யு.வில் நோயாளியின் முகம் உப்பியிருப்பதைப் பார்த்து உறவினர்கள் பதறுவது இதனால்தான். சில நாட்களில் சிறுநீராகப் போய்விடும். குழாய்க்குள்ளேயே தங்கும் பெரிய மூலக்கூறுகளைக் கரைத்துக் கொடுத்தால் குறைந்த அளவு போதும், வீக்கமும் குறையும் என்று யோசித்தார்கள். அப்படி வந்தவைதான் பிளாஸ்மாவுக்கு மாற்று என்று சொல்லப்படும் திரவங்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அந்த மூலக்கூறுகள் குழாய்க்குள் சும்மா இருப்பதில்லை.

ஆரம்பத்தில் வந்தவற்றில் ஒன்று டெக்ஸ்ட்ரான், 1940-களில், ஸ்வீடனில். வெட்டிய கரும்பை நாள்கணக்கில் போட்டுவைத்தால் சாறு கொழகொழவென்று ஆகிவிடும் என்பது சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சர்க்கரையைத் தின்னும் ஒரு பாக்டீரியா செய்யும் அந்தக் கொழகொழப்புதான் டெக்ஸ்ட்ரான். அதைச் சுத்தம்செய்து நரம்பில் ஏற்றினார்கள். தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்வதில் அது எவ்வளவு கைதேர்ந்தது என்றால், பிற்பாடு ரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்தாகவே அதைப் பயன்படுத்தினார்கள். திறந்த நெஞ்சோடு இருப்பவருக்கு அது உதவாது என்று விளக்கத் தேவையில்லை.

உங்கள் பில்லில் இருப்பது ஹைட்ராக்சிஎதில் ஸ்டார்ச். மக்காச்சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுத்த மாவுச்சத்து. வெறும் மாவுச்சத்தை நரம்பில் ஏற்றினால், சோற்றை மெல்லும்போது எச்சிலில் ஊறும் அதே அமைலேஸ் என்ற நொதி ரத்தத்திலும் இருப்பதால், சீக்கிரமே உடைந்துபோகும். உடையாமல் இருக்க அதன்மேல் ஒரு வேதிக்கூறை ஒட்டவைக்கிறார்கள். பையின் மேல் 450/0.7, 200/0.5, 130/0.4 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் மூலக்கூறு எவ்வளவு பெரியது என்பதையும், இரண்டாவது எவ்வளவு ஒட்டவைத்திருக்கிறார்கள் என்பதையும் காட்டுகிறது. இரண்டும் கூடக்கூட உடலில் அதிக நேரம் தங்கும், உறைதலை அதிகமாகக் கெடுக்கும்.

கெடுப்பது மூன்று வழிகளில். காரணி 8, வான் வில்லிபிராண்ட் காரணி என்ற இரு புரதங்கள், வெறுமனே நீர்த்ததால் எவ்வளவு குறையுமோ அதைவிடக் கூடுதலாகக் குறைகின்றன. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டால் நூலின்மேல் படலம் படிவதுபோல் தட்டணுக்களின் மேல் ஸ்டார்ச் படிந்து, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடத்தை மறைக்கிறது. ஃபைப்ரின் இழைகள் கோத்து வலையாவதையும் தடுக்கிறது. மூன்றில் எனக்கு அதிகக் கவலை தருவது கடைசியானதுதான். புதிய 130/0.4 வகை வந்தபோது முதல் இரண்டு குறைகளும் வெகுவாகக் குறைந்துவிட்டன என்றார்கள், அது சரியே. வலை பலவீனமாவது அதிலும் இருக்கிறது. ஏற்கெனவே 190-க்கு இறங்கிய ஃபைப்ரினோஜனையும் சரியாகப் பின்னவிடாமல் செய்தால், புண்ணின் மேல் உறைவு உருவாகும், கையால் தொட்டால் கரைந்து ஓடும்.

ஜெலட்டின், நர்சுகள் ஹீமாக்செல் என்று சொல்லும் வகை, ஸ்டார்ச்சைவிடக் குறைவாகக் கெடுக்கிறது. சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். ஒவ்வாமை வருவது இதில் சற்று அதிகம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் போட்டார்கள் என்று கேட்பீர்கள். நானும் போட்டிருக்கிறேன், பல ஆண்டுகள். எங்களுக்கு அப்படித்தான் கற்பித்தார்கள். ஸ்டார்ச் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையைக் கட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்து மயக்கவியல் நிபுணர் யோவாகிம் போல்ட். இதய-நுரையீரல் இயந்திரத்தை ஆல்புமினால் நிரப்புவதைவிட ஸ்டார்ச்சால் நிரப்புவது நல்லது என்று 2009-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உங்கள் கேள்வி எதைப் பற்றியதோ, அச்சு அசலாக அதைப் பற்றியது. எண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கின்றனவே என்று வாசகர்கள் சிலர் இதழுக்கு எழுதினார்கள். விசாரித்தபோது அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. 2010-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு அவருடைய மற்றக் கட்டுரைகளில் ஏறத்தாழ 90, நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லை என்பதற்காகத் திரும்பப் பெறப்படுவதாக இதழாசிரியர்கள் கூட்டாக அறிவித்தார்கள். அந்தக் கட்டுரைகளைக் கழித்துவிட்டு மற்ற ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. போல்ட்டின் கட்டுரைகளை நம்பி நான் பம்பில் நிரப்பச் சொன்ன பைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

2012-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐ.சி.யு. நோயாளிகள் 7,000 பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டார்ச் ஏற்றியவர்களில் கூடுதலானோருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிறுநீரகம், மரணம் குறித்த எச்சரிக்கையோடு, பம்ப் வைத்துச் செய்யும் திறந்த இதய அறுவையில் ரத்தப்போக்கு கூடும் என்பதையும் தனியாகச் சேர்த்தது. 2021-இல் எச்சரிக்கை இன்னும் கடுமையானது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் திரவங்களின் உரிமத்தையே நிறுத்திவைத்தது.

ஆகவே மாமாவின் சந்தேகம் நியாயமானது. மூன்று பை என்றால் ஒன்றரை லிட்டர். 52 கிலோ எடைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 29 மில்லி. ஐரோப்பாவில் 2013-க்குப் பிறகு நாளொன்றுக்கு வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 30 மில்லி. ஆனால் பில்லில் ஏறியதெல்லாம் உடலில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. அறுவைக்கு முன் எடுத்துவைத்து, பயன்படாமல் போன பைகளும் சில சமயம் பில்லில் இருக்கும். மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்டு பிரிவில் எழுதிக்கொடுத்து மயக்கவியல் குறிப்பு, பம்ப் குறிப்பு, இரண்டாவது அறுவையின் குறிப்பு ஆகிய மூன்றின் நகலையும் வாங்குங்கள். முதல் இரண்டிலும் எந்தத் திரவம், எவ்வளவு, எப்போது என்று இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். மறுபடி நெஞ்சைத் திறந்தபோது அறுவை மருத்துவர் என்ன பார்த்தார் என்று அதில் எழுதியிருப்பார். தையல் போட்ட இடத்திலோ நெஞ்செலும்பின் கம்பித் துளையிலோ ஒரு குறிப்பிட்ட குழாயிலிருந்து ரத்தம் வந்தது, கட்டினோம் என்றிருந்தால் எந்தத் திரவம் கொடுத்திருந்தாலும் அது வந்திருக்கும். குறிப்பிட்ட இடம் எதுவும் இல்லை, எல்லாப் பக்கமும் கசிவு என்றிருந்தால் உறைதல் கெட்டிருந்தது என்று பொருள். அப்போதும் ஸ்டார்ச், நீர்த்தல், முறிபடாத ஹெப்பாரின், குளிர் ஆகியவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அன்றிரவு எடுத்த பரிசோதனைகள் வேண்டும். அறுவைக்கு முன் அம்மா அசிட்ரோம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா, எப்போது நிறுத்தினார்கள் என்பதையும் பாருங்கள். வாதக் காய்ச்சலால் கெட்ட வால்வுள்ளவர்கள் பலர் முன்பிருந்தே அதைச் சாப்பிடுவார்கள். அந்தக் குழுவுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும்: ரத்தம் நிற்கவில்லை என்று அன்றிரவே மறுபடி திறந்தது சரியான முடிவு. காலைவரை பார்க்கலாம் என்று காத்திருந்தால் இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அதை நசுக்கியிருக்கும்.

இனி அப்பாவுக்கு. "பம்பில் எதை நிரப்புவீர்கள்? ஸ்டார்ச் பயன்படுத்துவீர்களா? அம்மாவுக்கு இப்படி நடந்திருக்கிறது" என்று மயக்கவியல் மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை மருத்துவரைவிட இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அவரும், பம்பை இயக்கும் பர்ஃபியூஷனிஸ்டும்தான். ஸ்டார்ச் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இன்று என் அரங்கில் அது இல்லை. இல்லாமல் எதுவும் குறைந்துபோகவில்லை.

ஆல்புமினுக்காகக் கடன் வாங்காதீர்கள். மனித ரத்தத்திலிருந்து எடுப்பது, விலையும் அதிகம், ஆகவே உசத்தி என்று தோன்றும். ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் இதய அறுவைக்கு வந்த 1,386 பேரிடம் ஆல்புமினையும் ரிங்கர் வகை உப்புநீரையும் ஒப்பிட்டு 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆல்புமின் பெரிய சிக்கல்களைக் குறைக்கவில்லை. ரத்தப்போக்கு ஆல்புமின் ஏற்றியவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. ஸ்டார்ச் போல் அது தட்டணுக்களைக் கெடுப்பதில்லை என்றாலும், குழாய்க்குள்ளேயே தங்கி ரத்தத்தை நீர்க்கச் செய்வதில் மற்றவற்றைப் போலத்தான். குழந்தைகள், கல்லீரல் நோயாளிகள் விஷயம் வேறு. உங்கள் அப்பாவுக்கு அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தமும் பிளாஸ்மாவும் மட்டும் என்று கேட்பதும் வேண்டாம். தேவையில்லாமல் ஏற்றும் பிளாஸ்மா நுரையீரலைப் பாதிக்கலாம், ஒவ்வாமை தரலாம். எது குறைகிறதோ அதை மட்டும் கொடுக்க வேண்டும். அதற்குப் பரிசோதனை வேண்டும். ஒரு துளி ரத்தம் உறைவதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி இருக்கிறது. 1948-இல் ஜெர்மனியில் ஹார்ட்டெர்ட் என்பவர் விவரித்த முறை. ஃபைப்ரினோஜன் குறைவா, தட்டணுக்கள் குறைவா, ஹெப்பாரின் மிச்சமா என்று அரை மணிக்குள் ஓரளவு சொல்லிவிடும். அந்த மருத்துவமனையில் டி.இ.ஜி. அல்லது ரோட்டெம் எனப்படும் இந்தக் கருவி இருக்கிறதா, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். பம்ப் இல்லாமல், துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்யும் முறை நம் நாட்டில் பரவலாக உண்டு. அப்பாவுக்கு அது திட்டமென்றால் இந்த ஒரு லிட்டர் நீர்த்தலே இருக்காது. எதைத் தேர்வது என்பதை அறுவை மருத்துவரிடம் விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. ஆஸ்பிரினும் "இன்னொரு மாத்திரையும்". அந்த இன்னொன்று அநேகமாக குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அறுவை நாளன்று அது ரத்தத்தில் இருந்தால், பம்பில் எதை நிரப்பினாலும், கசிவை நிறுத்துவது கடினம். குளோபிடோக்ரெலை வழக்கமாக 5 நாள் முன்பும், பிரசுக்ரெலை 7 நாள் முன்பும், டிகாக்ரெலாரை 3 முதல் 5 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வோம். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வோம். ஆனால் மாரடைப்பு வந்து இரண்டு மாதமே ஆனவருக்கு நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. சீக்கிரம் நிறுத்தினால் இன்னொரு மாரடைப்பு, நிறுத்தாவிட்டால் அம்மாவுக்கு வந்தது போன்ற இரவு. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அந்த மருத்துவமனைக்குப் போங்கள். எந்தத் தேதியில் எதை நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் கையால் சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்படியே அப்பாவின் ஹீமோகுளோபினும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரும்புச்சத்து இல்லாததால் அது குறைந்திருந்தால், ஒரு மாதத்தில் அதைக் கொடுத்து ஓரளவு ஏற்ற முடியும்.